வாசல் விளக்கு எரிகிற வீடுகள்

அக்டோபர் 31, சாயங்காலம் ஐந்தே முக்கால். நியூ ஜெர்சியில் நாங்கள் இருக்கும் தெருவில் வேலை முடிந்து வருகிற கார்கள் ஒவ்வொன்றாக வீடு திரும்பிக்கொண்டிருக்கும். அதே நேரத்தில் எதிர்வீட்டுக் கதவு திறக்கும். ஒரு தேனீ, ஒரு தீயணைப்பு வீரர், ஸ்ட்ரோலரில் அரைத்தூக்கத்தில் ஒரு பூசணிக்காய் என்று மூன்று பேர் தெருவில் இறங்குவார்கள். தேனீக்கு ஐந்து வயது, தீயணைப்பு வீரருக்கு மூன்று, பூசணிக்காய்க்கு இன்னும் முதல் பிறந்தநாளே வரவில்லை. பெரிய பிள்ளைகள் இருவர் கையிலும் ஆரஞ்சு நிற வாளி. பின்னால் டார்ச்சோடு அவர்களுடைய அம்மா. அடுத்த இரண்டு மணி நேரம் அந்தத் தெரு பிள்ளைகளுடையது.

அமெரிக்காவுக்கு வந்த புதிதில் சின்னப் பிள்ளைகளை வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்கள், பிள்ளைகள் வேஷம் போட்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்குகிற இந்த ஹாலோவீன் நெருங்கும்போது கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். எத்தனை மணிக்குக் கிளம்புவது? எந்த வீட்டுக் கதவைத் தட்டலாம்? முன்பின் தெரியாதவர் கொடுக்கிற மிட்டாயைப் பிள்ளை சாப்பிடலாமா? இதில் கடைசிக் கேள்விக்குத்தான் எல்லோரும் அதிகம் கவலைப்படுகிறோம். முதல் இரண்டு வருஷம் நானும் அப்படித்தான் இருந்தேன். வீட்டுக்கு வந்ததும் வாளியை மேசையில் கவிழ்த்து, ஒவ்வொரு மிட்டாய்க் காகிதத்தையும் விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தேன். இப்போதும் ஒரு பார்வை பார்ப்பேன். ஆனால் என் வயிற்றைக் கலக்குவது மிட்டாய் இல்லை, அந்த ஐந்தே முக்கால் மணிதான். அது ஏன் என்று சொல்வதற்கு முன், இந்தப் பழக்கம் எப்படி உருவானது என்று பார்த்துவிடலாம். இந்த இரவில் நாம் பார்க்கிற ஒவ்வொரு வழக்கத்துக்குப் பின்னாலும் ஒரு காரணம் இருக்கிறது.

ஹாலோவீன் என்றால் புனிதர் நாளுக்கு முந்தைய மாலை என்று பொருள். நவம்பர் 1 கத்தோலிக்கத் திருச்சபையில் அனைத்துப் புனிதர் பெருவிழா. நவம்பர் 2 இறந்தவர்களை நினைக்கும் நாள். தமிழ்நாட்டுக் கத்தோலிக்கர்கள் அன்றைக்குத்தான் கல்லறைகளைக் கழுவி, பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். நாம் கல்லறைத் திருநாள் என்று சொல்கிற அதே நாள்தான். அதற்கு இரண்டு நாள் முன்னால் இங்கே பிள்ளைகள் எலும்புக்கூடு வேஷம் போடுவது ஏதோ தற்செயல் இல்லை. இதற்கும் அடியில் அயர்லாந்து, ஸ்காட்லாந்துப் பக்கத்துப் பழைய விழா ஒன்று இருக்கிறது. அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்குகிற அந்த நாளில் இறந்தவர்கள் உலகத்துக்கும் நம் உலகத்துக்கும் நடுவில் இருக்கும் கதவு திறந்துகொள்ளும் என்பது அந்த மக்களின் நம்பிக்கை.

வீடு வீடாகப் போவதும் அங்கிருந்து வந்ததுதான். இங்கிலாந்தில் ஏழைகள் இந்த நாட்களில் வீட்டுக்கு வீடு போய், அந்தக் குடும்பத்தில் இறந்தவர்களுக்காகப் பிரார்த்தனை செய்வதாகச் சொல்லி, சின்னச் சின்ன கேக்குகளை வாங்கிக்கொள்வார்கள். ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் பிள்ளைகள் வேஷம் போட்டுக்கொண்டு போய் ஒரு பாட்டோ ஒரு செய்யுளோ சொல்லி, ஆப்பிளும் கொட்டைகளும் வாங்கி வருவார்கள். சும்மா வாங்குவதில்லை, ஏதாவது செய்துகாட்டித்தான் வாங்க வேண்டும். உள்ளே குடைந்து விளக்கேற்றி வைக்க அவர்கள் எடுத்தது டர்னிப் கிழங்கை. அது சின்னது, கல் மாதிரி இருக்கும். அமெரிக்காவுக்குக் குடியேறியவர்களுக்குப் பெரிதாக, எளிதில் குடைகிற மாதிரி இங்கே கிடைத்தது பூசணிக்காய். நம்மூரில் பல இடங்களில் பரங்கிக்காய் என்று சொல்கிறோமே, அந்த ஆரஞ்சு நிறக் காய்தான்.

2022ல் என் அம்மா திருநெல்வேலியிலிருந்து வந்திருந்தார். பேத்தி வாளியைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுப் படியேறுவதைப் பார்த்து அவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

"ஏட்டி, நல்லா சம்பாதிக்கிறீங்க. பிள்ளைய ஏன் இப்படி வீடு வீடா கையேந்த விடுதீங்க?"

"ஏம்மா, குலசைக்கு மாலை போட்டவங்க நம்ம வீட்டு வாசல்ல வந்து நிக்கலையா? காளி வேஷமும் குரங்கு வேஷமும் போட்டுட்டு வந்தவங்களுக்கு நீங்கதான காணிக்கை போடுவீங்க?"

அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். "அது நேர்த்திக்கடன்லா" என்றார். அவர் சொன்னது சரிதான். குலசேகரப்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசராவுக்கு வேஷம் கட்டுகிறவர் விரதம் இருந்து, ஊர் ஊராக வாங்கிய காணிக்கையைக் கோயிலில் செலுத்துகிறார். ஹாலோவீனில் அந்தப் பக்தி எதுவும் இல்லை. இருந்தாலும் வருஷத்தில் ஒரு நாள், வேஷம் போட்டவர் வாசலுக்கு வந்தால் வெறுங்கையோடு அனுப்பக்கூடாது என்கிற அந்த ஒரு நியாயம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். அதற்கு அப்புறம் அம்மாவே நாற்காலி போட்டு வாசலில் உட்கார்ந்து மிட்டாய் கொடுத்தார். ஒரு பிள்ளைக்கு ஒன்று கொடுத்தால் அவருக்கு மனம் ஆறாது. கை நிறைய அள்ளிப் போட்டு ஏழு மணிக்கே எங்கள் பையைக் காலி செய்துவிட்டார்.

சரி, அமெரிக்கக் கதைக்கு வருகிறேன். இங்கே முதலில் வேரூன்றியது மிட்டாயில்லை, சேட்டைதான். வேலிக் கதவைக் கழற்றி ஒளித்துவைப்பது, வண்டியைக் கொட்டகைக் கூரையில் ஏற்றுவது, ஜன்னல் கண்ணாடியில் சோப்பைத் தடவுவது என்று கிராமத்து இளவட்டங்களின் விளையாட்டாக இருந்தது, நகரங்கள் பெருத்ததும் தெருவிளக்கை உடைப்பதும் தீ வைப்பதுமாக மாறியது. மின்னசோட்டா மாநிலத்தில் அனோகா என்ற ஊர் 1920லேயே இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தது. சேட்டை செய்கிற பிள்ளைகளை விரட்டாமல் அவர்களுக்கென்று ஒரு ஊர்வலமும் விருந்தும் ஏற்பாடு செய்தார்கள். அந்த ஊர் இன்றைக்கும் தன்னை உலகத்தின் ஹாலோவீன் தலைநகரம் என்று சொல்லிக்கொள்கிறது. 1930களின் பொருளாதார நெருக்கடியில் சேதம் இன்னும் பெருகியபோது பல ஊர்களும் இதே வழியில் போயின.

"ட்ரிக் ஆர் ட்ரீட்" என்ற சொல் அந்தக் காலத்தில் பிறந்ததுதான். ஏதாவது கொடு, இல்லாவிட்டால் சேட்டை பண்ணுவேன் என்று அர்த்தம். 1927ல் கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்துச் செய்தித்தாள் ஒன்றில், பிளாக்கி என்ற சிற்றூரில் பிள்ளைகள் இப்படிக் கேட்டு வாசல் வாசலாக வந்ததைப் பற்றிய செய்தி இருக்கிறது. பேச்சுக்கு மிரட்டல்தான். ஆனால் உள்ளே நடந்தது ஒரு சமாதானம். கையில் இனிப்பு கிடைத்துவிட்டால் கல்லெறிய ஆளிருக்காது. இரண்டாம் உலகப் போரில் சர்க்கரைக்கு ரேஷன் வந்ததால் இந்தப் பழக்கம் கொஞ்சம் ஒடுங்கிப்போனது. 1947ல் அந்த ரேஷன் முடிந்தது. போருக்குப் பிறகு புறநகர்களில் வரிசை வரிசையாக வீடுகள் எழும்பின, வீட்டுக்கு வீடு சின்னப் பிள்ளைகள். அங்கேதான் இது நாடு முழுவதும் பரவிய வழக்கமானது. 1950ல் பிலடெல்பியாவில் ஒரு பாதிரியாரும் அவர் மனைவியும் பிள்ளைகள் கையில் பால் அட்டைப்பெட்டிகளைக் கொடுத்து, மிட்டாயோடு யுனிசெஃபுக்காகச் சில்லறையும் வாங்கிவரச் சொன்னார்கள். முதல் வருஷம் சேர்ந்தது 17 டாலர். அந்த வழக்கம் இன்றும் தொடர்கிறது.

ஆக, இப்போது நாம் பார்க்கிற வடிவம் தொன்றுதொட்டு வந்தது இல்லை. பெரியவர்கள் யோசித்து, இளவட்டங்களின் கலாட்டா இரவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னப் பிள்ளைகள் கையில் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். தெருவில் மூன்று வயதுப் பிள்ளை நடந்தால் மற்றவர்கள் தானாக ஒழுங்காக நடந்துகொள்வார்கள்.

இதன் விதிகளை யாரும் எழுதி ஒட்டுவதில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். வாசல் விளக்கு எரிந்தால் வரலாம். அணைந்திருந்தால் அந்த வீட்டைத் தாண்டிப் போய்விட வேண்டும். தட்டக்கூடாது, ஏன் இல்லை என்று கேட்கவும் கூடாது. நேரத்தைப் பல ஊர்களில் ஊராட்சியே அறிவித்துவிடும். ஆறிலிருந்து எட்டு என்பதுபோல் இருக்கும். அயோவா மாநிலத்து டி மாய்ன் நகரில் பல பத்தாண்டுகளாக இதை அக்டோபர் 30ஆம் தேதிதான் நடத்தினார்கள். அங்கே பிள்ளை வாசலில் நின்று ஒரு ஜோக் சொன்னால்தான் மிட்டாய். ஸ்காட்லாந்துப் பிள்ளைகளின் பாட்டு அங்கே ஜோக்காக உயிரோடு இருக்கிறது. இந்த நாளை அரசே தள்ளிவைத்ததும் உண்டு. 2012ல் சாண்டி புயல் நியூ ஜெர்சியைப் புரட்டிப்போட்டபோது, மின்கம்பிகள் அறுந்து கிடக்கும் இருட்டில் பிள்ளைகள் நடக்கக்கூடாது என்று ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி ஹாலோவீனை நவம்பர் 5க்கு மாற்றி உத்தரவே போட்டார்.

இந்த வாசல் விளக்கு விதி 2024ல் எங்கள் தெருவில் அழகான ஒரு குழப்பத்தை உண்டாக்கியது. அந்த வருஷம் தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாள். காலையில் எண்ணெய்க் குளியல், மாலையில் டைனோசர் வேஷம். தெருவில் நான்கைந்து இந்திய வீடுகளில் படிக்கட்டு நெடுக அகல் விளக்குகள். குடைந்த பூசணிக்காய்க்குப் பக்கத்தில் அவை எரிந்ததைப் பார்த்த பிள்ளைகளுக்கு அந்த வீடுகள்தான் தெருவிலேயே பெரிய அழைப்பு. கூட்டம் அங்கேதான் மொய்த்தது. தரையோடு எரியும் அகலும் பிள்ளைகளின் தொங்கும் அங்கிகளும் சேரக்கூடாதே என்று, கூட்டம் வரத் தொடங்கியதும் நாங்கள் அகல்களை ஜன்னல் ஓரத்துக்கு மாற்றிவிட்டோம். பூசணிக்காய்க்குள்ளும் இப்போது பேட்டரி மெழுகுவத்திதான் வைக்கிறோம். கடையில் வாங்குகிற வேஷ உடைகளில் எளிதில் தீப்பிடிக்காத துணி என்ற குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் தைத்ததென்றால் கணுக்காலுக்கு மேலே வெட்டிவிடுங்கள். தடுக்கி விழுவதற்கும் அதுவே மருந்து.

முகமூடியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மிகச் சின்னப் பிள்ளைகளுக்கு இந்த இரவில் உண்மையான சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

எங்கள் சின்னவனுக்கு அப்போது மூன்று வயது. அவனுடைய அப்பா அவன் கண் முன்னாலேயே ஓநாய் முகமூடியை எடுத்து மாட்டிக்கொண்டார். சட்டை அதே சட்டை, கையில் அதே கைக்கடிகாரம். பையன் வீறிட்டு அழுது என் காலைக் கட்டிக்கொண்டான். அவர் பதறிப்போய் முகமூடியைக் கழற்றியதும் ஓடிப்போய்க் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "அப்பா எங்க போனீங்க?" என்று கேட்டான். அந்தக் கேள்வியை என்னால் மறக்க முடியவில்லை.

அது பயந்தாங்கொள்ளித்தனம் இல்லை. ரீட்டா டெவ்ரீஸ் என்ற ஆய்வாளர் 1969ல் வெளியிட்ட ஒரு புகழ்பெற்ற ஆய்வு இதைத்தான் காட்டியது. மேனார்ட் என்ற சாதுவான பூனை ஒன்றை மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகளிடம் காட்டித் தடவிப் பார்க்கச் சொன்னார். அப்புறம் பூனையின் முன்பாதியைத் திரைக்குப் பின்னால் மறைத்து, அதன் முகத்தில் நாய் முகமூடியைப் போட்டார். பின்பாதியும் வாலும் பிள்ளைகளின் கண்ணில் பட்டுக்கொண்டேதான் இருந்தன. பிறகு முழு உருவத்தையும் காட்டி, இது இப்போது என்ன, குரைக்குமா என்றெல்லாம் கேட்டார். ஆறு வயதுப் பிள்ளைகள் இது பூனைதான் என்று சொல்லிவிட்டார்கள். மூன்று வயதுப் பிள்ளைகளில் பலருக்கு அது நாயாகவே மாறிவிட்டிருந்தது. தோற்றம் மாறினால் ஆளே மாறிவிடுகிறார் என்பதுதான் அந்த வயதின் அறிவு. அப்படிப்பட்ட பிள்ளையை ரப்பர் மண்டையோட்டு முகமூடி மாட்டி வாசலில் நிற்கிறவரிடம், "சும்மாதான், அது மாமாதான், போ" என்று தள்ளிவிடுவது நியாயமே இல்லை. அந்த நிமிஷத்தில் அங்கே மாமா இல்லை.

அதனால் நாங்கள் செய்கிறது இதுதான். இரண்டு நாள் முன்னாலேயே பகல் வெளிச்சத்தில் ஒரு சுற்று நடந்து, எந்த வீட்டில் பயங்கர அலங்காரம் என்று பார்த்துவைத்துக்கொள்வோம். அசைகிற எலும்புக்கூடு, அலறல் சத்தம், புகை இருக்கிற வீடுகள் பெரிய பிள்ளைகளுக்கு. நாங்கள் எதிர்ப்பக்கம் நடப்போம். பிள்ளைக்கே முகமூடி போடுவதையும் விட்டுவிட்டோம். கண் ஓட்டை ஓரமாக நகர்ந்தால் பக்கவாட்டில் வருகிற கார் தெரியாது, மூச்சும் முட்டும். கன்னத்தில் மூன்று மீசைக் கோடு வரைந்தால் பூனை ஆயிற்று. குளிர் அடித்தால் வேஷத்துக்கு மேல் ஜாக்கெட் வரும், அதற்கு அழுகையும் வரும். உள்ளே தடிமனான உடுப்பு போடுகிற மாதிரி ஒரு அளவு பெரிய வேஷமாக வாங்கினால் அந்தச் சண்டை மிச்சம்.

வாசலில் நடப்பதைக் கவனித்துப் பாருங்கள். படியேற வேண்டும், மணியை அடிக்க வேண்டும், தெரியாத ஒருவரை நிமிர்ந்து பார்த்து மூன்று சொல் சொல்ல வேண்டும், ஒன்றே ஒன்று எடுக்க வேண்டும், நன்றி சொல்ல வேண்டும், திரும்ப இறங்க வேண்டும். நமக்குப் பழகிப்போன இந்த வேலை மூன்று வயதுக்கு ஒரு பெரிய நாடகம். முதல் வீட்டில் எங்கள் பெரியவள் வாயே திறக்கவில்லை. இரண்டாவது வீட்டில் வாளியை மட்டும் நீட்டினாள். மூன்றாவது வீட்டில் நேரே உள்ளே நடந்து போய் அவர்கள் சோபாவில் உட்கார்ந்துவிட்டாள். கதவு திறந்தால் உள்ளே போக வேண்டும் என்றுதான் அதுவரை அவளுக்குத் தெரியும், நம் வீடுகளில் அப்படித்தானே? அந்த வீட்டுப் பாட்டி சிரித்துக்கொண்டே கையைப் பிடித்துக் கூட்டிவந்தார்.

சில வீடுகளில் ஆள் இருக்க மாட்டார்கள். வாசலில் ஒரு கிண்ணமும் 'ஒன்று எடுத்துக்கொள்' என்ற அட்டையும் மட்டும் இருக்கும். 1976ல் வெளியான ஓர் ஆய்வுக்காக சியாட்டில் நகரில் உளவியலாளர்கள் 27 வீடுகளில் இப்படிக் கிண்ணம் வைத்து, ஹாலோவீன் அன்று வந்த 1,352 பிள்ளைகளை ஒளிந்திருந்து பார்த்தார்கள். ஒன்றுதான் எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வீட்டுக்காரப் பெண் உள்ளே போய்விடுவார். தனியாக வந்து, பெயரும் முகவரியும் சொல்லிவிட்ட பிள்ளைகளில் அதிகமாக எடுத்தவர்கள் நூற்றுக்கு எட்டுப் பேர்கூட இல்லை. யாரென்று தெரியாமல் கூட்டமாக வந்தவர்களில் நூற்றுக்கு 57 பேர். கெட்ட பிள்ளை, நல்ல பிள்ளை என்ற பேச்சுக்கே அதில் இடமில்லை. வேஷமும் கூட்டமும் சேர்ந்தால் கை தானாக நீளுகிறது. அதனால் நான் ஆளில்லாக் கிண்ணத்தின் முன்னால் பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவேன். "மீனா, உனக்கு எது வேணும், ஒண்ணு பாத்து எடு" என்றால் போதும்.

இப்போது அந்தப் பழைய பயத்துக்கு வருகிறேன். ஆப்பிளுக்குள் பிளேடு, சாக்லேட்டில் விஷம் என்ற கதைகள் 1960களிலிருந்து பரவி 1970களில் பெரிதாயின. 1974ல் டெக்சாஸில் எட்டு வயதுப் பையன் ஒருவன் ஹாலோவீன் இரவில் சயனைடு கலந்த மிட்டாய்ப் பொடி தின்று இறந்தது உண்மை. ஆனால் அதைக் கொடுத்தது தெருவில் யாரோ இல்லை. காப்பீட்டுப் பணத்துக்காகப் பெற்ற தகப்பனே கொடுத்தார். 1984ல் அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. 1982ல் சிகாகோ பகுதியில் டைலனால் என்ற வலி மாத்திரைகளில் யாரோ சயனைடு கலந்து ஏழு பேர் இறந்தார்கள். அது செப்டம்பர் கடைசியில் நடந்தது, அடுத்த மாதமே ஹாலோவீன். நாடு முழுக்க நடுங்கியது. மிட்டாயை எக்ஸ்ரே எடுத்துத் தருகிறோம் என்று மருத்துவமனைகள் முன்வருகிற அளவுக்குப் பயம் பரவியது. வீட்டில் செய்த பலகாரம் இந்த இரவிலிருந்து காணாமல் போனதில் இந்தப் பயத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஜோயல் பெஸ்ட் என்ற சமூகவியலாளர் 1958 தொடங்கி வந்த செய்திகளை எல்லாம் பல்லாண்டுகளாகத் துருவிப் பார்த்தார். முன்பின் தெரியாதவர் ஹாலோவீன் மிட்டாயில் விஷம் வைத்து ஒரு பிள்ளை இறந்ததாகவோ பெருங்காயம் பட்டதாகவோ நிரூபணமான ஒரு நிகழ்வும் அவருக்குக் கிடைக்கவில்லை.

நம் அண்டைவீட்டார் நம் பிள்ளைக்கு விஷம் வைப்பார்கள் என்று அரை நூற்றாண்டாக ஒரு நாடே நம்பியிருக்கிறது. எனக்கு இது மனதை அறுக்கிற விஷயம். தெரியாதவருடைய கதவைத் தட்டினால் அவர் இனிப்போடு திறப்பார் என்று பிள்ளைக்குக் காட்ட வருஷத்தில் இந்த ஒரு நாள்தான் இருக்கிறது. அந்த இனிப்பையே சந்தேகத்தோடு அவள் கையிலிருந்து பிடுங்கினால் அவள் என்ன கற்றுக்கொள்வாள்?

மிட்டாயைப் பார்க்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. பார்க்க வேண்டியது வேறு. நான்கு வயது ஆகாத பிள்ளைக்குக் கெட்டி மிட்டாய், முழுக் கொட்டைகள், பாப்கார்ன், சூயிங்கம் எல்லாம் தொண்டையில் அடைக்கும் பொருட்கள். அந்த இருட்டில், நடந்துகொண்டே, குதித்துக்கொண்டே வாயில் போட்டால் ஆபத்து இரட்டிப்பு. வீட்டுக்கு வந்து உட்கார்ந்துதான் தின்ன வேண்டும் என்பது எங்கள் வீட்டில் மாறாத விதி. நிலக்கடலை ஒவ்வாமை இருக்கிற பிள்ளைகளுக்கு மிட்டாய்க் காகிதத்தில் இருக்கும் பொடி எழுத்து உயிர் விஷயம். சின்ன அளவு மிட்டாய்களில் அந்தக் குறிப்பு பலமுறை இருப்பதே இல்லை. வாசலில் நீலப்பச்சை நிறப் பூசணிக்காய் வைத்திருந்தால் அந்த வீட்டில் தின்பண்டம் அல்லாத பரிசும் உண்டு என்று பொருள். டென்னசியில் ஒரு தாய் தொடங்கி 2014ல் நாடு முழுக்கப் போன வழக்கம் இது. பபிள் ஊதுகிற சின்ன பாட்டில், ஸ்டிக்கர், பென்சில் எதுவானாலும் சரி. ஒவ்வாமை இல்லாத சின்னப் பிள்ளைகளே அதைத்தான் முதலில் எடுக்கிறார்கள். சர்க்கரை தின்றதால்தான் இரவெல்லாம் ஆடுகிறான் என்று நாம் சொல்வதற்கும் ஆதாரம் இல்லை. இருந்த ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்த 1995ஆம் ஆண்டு ஆய்வு, சர்க்கரை பிள்ளைகளின் நடத்தையை மாற்றுவதாகத் தெரியவில்லை என்றது. இருட்டு, கூட்டம், தூக்கநேரம் தள்ளிப்போனது, இவை போதாதா?

இனி அந்த ஐந்தே முக்கால் மணி. 1975 முதல் 2016 வரை 42 வருஷத்துச் சாலை மரணங்களை எடுத்துக்கொண்டு, ஹாலோவீன் மாலையையும் அதற்கு ஒரு வாரம் முன்னும் பின்னும் உள்ள மாலைகளையும் ஒப்பிட்டு ஓர் ஆய்வு அமெரிக்கக் குழந்தை மருத்துவ இதழ் ஒன்றில் வந்தது. 42 ஹாலோவீன் மாலைகளில் கார் மோதி இறந்த பாதசாரிகள் 608 பேர். ஒப்பிட்ட 84 மாலைகளில் 851 பேர். ஒரு மாலைக்கு என்று கணக்குப் போட்டால் சாதாரண நாளில் பத்துப் பேர் என்றால் ஹாலோவீனில் பதினான்குக்கு மேல். எல்லா வயதும் சேர்ந்த கணக்கு இது. நான்கு முதல் எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு மட்டும் பார்த்தால் ஆபத்து பத்து மடங்கு. அதுவும் உச்சத்துக்குப் போவது மாலை ஆறு மணியை ஒட்டி.

தனிப்பட்ட ஒரு பிள்ளைக்கு இந்த ஆபத்து மிகச் சிறியதுதான், பயந்து வீட்டிலேயே அடைத்துவைக்க வேண்டியதில்லை. ஆனால் ஏன் ஆறு மணி என்று யோசித்தால் விடை தெருவிலேயே இருக்கிறது. ஹாலோவீன் விடுமுறை நாள் இல்லை. வேலை முடிந்து எல்லோரும் காரில் திரும்புகிற நேரமும், சூரியன் மறைகிற நேரமும், மிகச் சின்னப் பிள்ளைகள் முதலில் இறங்குகிற நேரமும் ஒன்றாகிவிடுகிறது. ஓட்டுகிறவருக்கு முழு இருட்டும் இல்லை, வெளிச்சமும் இல்லை. பிள்ளையோ மூன்றடி உயரம். நின்றிருக்கும் இரண்டு கார்களுக்கு நடுவிலிருந்து எதிர்வீட்டு விளக்கைப் பார்த்து ஓடினால் பானெட்டுக்கு மேல் தலைகூடத் தெரியாது. 2007லிருந்து, கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைக்கும் கோடைகால நேரத்தை நவம்பர் முதல் ஞாயிறு வரை நீட்டித்ததால் ஹாலோவீனுக்கு ஒரு மணி நேரப் பகல் கூடக் கிடைத்தது. அதற்கு முன் நியூ ஜெர்சியில் ஐந்து மணிக்கே இருட்டத் தொடங்கிவிடும். இப்போது சூரியன் மறைவது ஆறுக்குச் சற்று முன். அந்த வெளிச்சத்தை நாம் பயன்படுத்த வேண்டும்.

எங்கள் தெருவில் சின்னப் பிள்ளைக்காரர்கள் சிலர் ஐந்து மணிக்கே கிளம்பிவிடுகிறோம். ஆறுக்குள் பாதி முடிந்துவிடும். ஒரு பக்கம் முழுக்க நடந்துவிட்டு, தெருமுனையில் கடந்து, மறுபக்கமாகத் திரும்புகிறோம். நடுவில் குறுக்கே போவது கிடையாது, எதிர்வீட்டில் பெரிய சாக்லேட்டே கொடுத்தாலும் சரி. ஒரு சின்னப் பிள்ளைக்கு ஒரு பெரியவர் கை. வாளி மற்றக் கையில். இரண்டு பிள்ளைக்கு ஒரே அம்மா என்றால் பக்கத்து வீட்டோடு சேர்ந்து போகலாம். கறுப்பு வேஷம் என்றால் முதுகிலும் வாளியிலும் வெளிச்சம் பட்டால் மின்னுகிற பட்டை ஒட்டுவது மிக எளிது. வீட்டிலிருந்து பின்னோக்கி எடுக்கிற கார்கள்தான் எனக்கு அதிகப் பயம், ஒவ்வொரு டிரைவ்வேயிலும் நின்று பார்த்துவிட்டே தாண்டுவோம். எங்கள் வீட்டில் இன்னொரு ஏற்பாடும் உண்டு. அன்றைக்கு மட்டும் என் கணவர் நாலரை மணிக்குள் வீடு வந்துவிடுவார். அந்த இருட்டும் நேரத்தில் தெருவில் ஓடுகிற கார்களில் ஒன்று குறையட்டும் என்றுதான். இதை நான் தெரிந்த எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்கிறேன். மிட்டாய்க் காகிதத்தைப் பார்க்கிற நேரத்தில் பாதியை இதற்குக் கொடுங்கள்.

எத்தனை வீடு என்பது அடுத்த கேள்வி. பெரிய பிள்ளைகள் தலையணை உறை நிரம்புகிற வரை சுற்றுவார்கள். மூன்று வயதுக்கு எட்டு வீடு தாராளம். எங்கள் சின்னவன் போன வருஷம் ஆறாவது வீட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். ஷூவுக்குள் கல் இருக்கிறது என்றான். கழற்றிப் பார்த்தால் ஒன்றும் இல்லை, களைத்துவிட்டது, அவ்வளவுதான். தோளில் தூக்கிப்போட்டுக்கொண்டு வந்தேன். வரும்போதே வாளிக்குள் கையை விட்டு எண்ணினான். ஒன்று, இரண்டு, நான்கு, ஐந்து.

வீட்டுக்கு வந்ததும் தூங்கிவிடுவான் என்று நினைத்தேன். ஆனால் மணி அடித்தது. கதவைத் திறந்தால் அவனைவிடச் சின்னதாக ஒரு முயல், அப்பா காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு நின்றது. இவன் என் தோளிலிருந்து நழுவி இறங்கி, எங்கள் கிண்ணத்தை விட்டுவிட்டுத் தன் வாளியை இழுத்துக்கொண்டு போய் அந்த முயலின் முன்னால் வைத்தான். முயல் ஒன்றும் எடுக்கவில்லை, பார்த்துக்கொண்டே நின்றது. இவனே ஒன்றைத் தேடி எடுத்து அதன் பைக்குள் போட்டுவிட்டு, "இன்னும் யாரு வருவாங்க?" என்று என்னிடம் கேட்டான். எட்டு மணி வரை கதவுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். விளக்கை அணைக்க விடவில்லை.